எந்தத் தீவுக்குப் படகு ஏறுவது? கொள்ளிட முகத்துவாரம் முதல் முத்துப்பேட்டை வரை

தை பிறந்தால் எங்கள் வீட்டுக்கு முதலில் வருவது கரும்புக் கட்டு. அடுத்த நாளே வருவது சென்னையிலிருந்து மாப்பிள்ளையின் போன். தங்கை வீட்டுக்காரர். "மச்சான், ஒரே ஒரு நாள்தான் கையில இருக்கு. படகுல போகணும். தீவு மாதிரி இருக்கணும். சும்மா காடு இல்ல, ஜனங்க குடியிருக்கிற ஊரா இருக்கணும். அங்கேயே மீன் சாப்பாடு. நீங்க சிதம்பரத்துலயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்திருப்பதுதான் தொல்லை. நாலைந்து இடம் தெரிந்தவனுக்குச் சட்டென்று ஒன்றைச் சொல்ல வாய் வராது. போதாததற்கு இந்த முறை அத்தையும் வருகிறார். அத்தைக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. படகென்றால் பயம் கிடையாது, பேச ஆள் இல்லாத இடமென்றால்தான் பயம். "தண்ணியையே பாத்துட்டு வர்றதுக்கு நம்ம ஊரு குளமே போதும்டா. போற எடத்துல ரெண்டு வார்த்தை பேச ஆளு வேணும்" என்று போன் பேசும்போதே பக்கத்திலிருந்து சொல்லிவிட்டார்.

சரி, அத்தையின் அந்தப் பேச்சையே முழக்கோலாக வைத்து எல்லா இடத்தையும் அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மாப்பிள்ளையின் கேமரா, இன்னொரு பக்கம் அத்தையின் முழங்கால், நடுவில் ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இதே மாதிரிக் கூட்டத்தை வைத்துக்கொண்டு முழிக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

தீவு என்கிறோம், ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் அது 'திட்டு'. முக்கொம்பில் காவிரியை விட்டுக் கொள்ளிடம் பிரிகிறது. வெள்ளக் காலத்தில் மிச்சத் தண்ணீரெல்லாம் கொள்ளிடம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் மணலையும் வண்டலையும் இறக்கிக்கொண்டே போகும். ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடுகிற இடத்தில் ஒரு திட்டு விழும். கடல் மணலை ஒதுக்கி, அதன் முதுகுப்பக்கம் உப்பங்கழி தேங்கி நிற்கிற இடத்தில் இன்னொரு திட்டு. கணக்குப்படி பார்த்தால் ஸ்ரீரங்கமும் தீவுதான். ஆனால் டவுன் பஸ் போகிற தீவுக்கு மாப்பிள்ளை சம்மதிக்க மாட்டார்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் டிக்கெட் வாங்கினால் துடுப்புப் படகோ மோட்டார் படகோ கிடைக்கும். என்னைக் கேட்டால் துடுப்புப் படகுதான். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும், சத்தமும் அதிகம். கிளைகள் தலைக்கு மேல் கவிந்து கிடக்கிற சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் தண்ணீருக்குள் கால் பரப்பி நிற்பதையும், வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றில் பென்சிலை நட்டு வைத்தது போல நீட்டிக்கொண்டிருப்பதையும் கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். தில்லை மரமும் இங்கே இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த மரம் அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் பிள்ளைகளை இலை கிள்ள விடாதீர்கள்.

பிச்சாவரத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் கிடையாது. உயிர்காப்புச் சட்டை தருகிறார்கள், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. கடைசியில் சொன்னதை இளவட்டங்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அத்தைமார்கள் முதலில் கேட்பதே அதைத்தான். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது காடு, ஊர் இல்லை. படகில் ஏறிச் சுற்றி வந்து, ஏறிய துறையிலேயே இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்புகிறோம். பேசக் கிடைக்கிற ஒரே ஆள் படகுக்காரர். அவருக்கும் அடுத்த டிரிப் காத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காட்டில் ஆளைப் பார்த்துப் பேசிய கதை ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அது நாங்கள் செய்த தப்பினால் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாசி மகத்துக்கு அத்தையைக் கிள்ளைக்குக் கூட்டிப் போயிருந்தோம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு அங்கே வருவார். வருகிற வழியில் தர்கா பக்கத்தில் முஸ்லிம் மக்கள் பெருமாளுக்கு மரியாதை செய்வதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். மறுநாளும் அங்கேயே தங்கல். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருத்தரைப் பிடித்து, துறைக்குப் போகாமல் வேறொரு இடத்திலிருந்து சின்னப் படகில் ஏறினோம். "டூரிஸ்ட் போட்டு போகாத எடத்துக்கெல்லாம் நான் கூட்டிப் போறேன் சார்" என்றார். கூட்டித்தான் போனார். மகத்துக்கு மறுநாள், பௌர்ணமியை ஒட்டிய நாள், தண்ணீர் நன்றாக ஏறினால் நன்றாக வற்றவும் செய்யும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிற்பகல் இரண்டரை மணிக்குப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கம்பு ஊன்றித் தள்ளினால் கம்புதான் உள்ளே போகிறது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்த மாப்பிள்ளையின் செருப்பு இன்னமும் அங்கேதான் இருக்கும்.

அப்போதுதான் வாய்க்கால் வளைவில் ஒரு அம்மா வந்தார். கழுத்தளவு தண்ணீரில், உட்கார்ந்தபடியே நகர்ந்து வருவது போல வந்தார். இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவிக்கொண்டே இருந்தன. வாயில், பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். கிள்ளைப் பக்கத்து இருளர் மக்கள் இறால் பிடிக்கிற முறை இது. வலை கிடையாது, தூண்டில் கிடையாது, விரல்தான். கை மேலே வரும்போது விரலிடுக்கில் ஒரு இறால் துள்ளும், அது பறிக்குள் போகும், கை மறுபடி கீழே போய்விடும். எங்களைப் பார்த்ததும் அவர் கண் சிரித்தது. பேச முடியாதே, வாயில் பறி. கிட்டே வந்து, பறியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "தண்ணி வரும், குந்துங்க" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "பயந்துட்டியா ஆயா?" என்றார்.

அத்தை பயப்படவில்லை. "உள்ள கை வுடுறியே, நண்டு கடிக்காதா?" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா இடது கையின் ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே ஒரு பழைய வெட்டு, வெள்ளையாகத் தழும்பேறி இருந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. எந்தச் சேற்றில் எந்த இறால், எந்த மாதத்தில் விலை கிடைக்கும், மழைக்காலத்தில் குளிர் எப்படி எலும்புக்குள் போகும், மருமகள் எப்படி. நாங்கள் மற்றவர்கள் வெயிலில் வெந்துகொண்டு தண்ணீர் ஏறக் காத்திருந்தோம். ஐந்து மணிக்கு மேல்தான் படகு மிதந்தது. அந்தப் பயணத்தில் அத்தைக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அந்த இரண்டரை மணி நேரம் மட்டும்தான். பெருமாள் தீர்த்தவாரி கூட அப்புறம்தான்.

இதை வைத்து "நீங்களும் போய்ச் சேற்றில் மாட்டுங்கள்" என்று சொல்ல வரவில்லை. உயிர்காப்புச் சட்டை இல்லாத, பயணிகளை ஏற்றிப் பழக்கமில்லாத படகில் குழந்தைகளோடு ஏறியது முட்டாள்தனம். வானம் நன்றாக இருந்தது, தப்பித்தோம்.

மாப்பிள்ளை விசாரித்து வைத்திருந்த இன்னொரு பெயர் எம்.ஜி.ஆர். திட்டு. பிச்சாவரத்துக் கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டு. ஒரு காலத்தில் அங்கே மீனவர் ஊர் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அந்த ஊரை எடுத்துக்கொண்டது. மிஞ்சியவர்களைக் கிள்ளைப் பக்கம், கரையில் குடியமர்த்தினார்கள். "ஜனங்க இருக்கிற தீவு" என்று கேட்டுவிட்டு, ஜனங்களை இழந்த தீவில் போய் நின்று படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. போவது தப்பு என்று சொல்லமாட்டேன். நம் பயணத்துக்கு அது வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

முத்துப்பேட்டை வேறு ரகம். டெல்டாவின் தெற்கு ஓரம், திருவாரூர் மாவட்டம். பிச்சாவரத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பெரிய அலையாத்திக் காடு. கோரையாறு, பாமணியாறு, வளவனாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் அங்கேதான் போய் முடிகின்றன. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாறு வழியாகவே போனால் இரண்டு பக்கமும் காடு. பிறகு திடீரென்று கரை விலகி, எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் விரியும். உள்ளூர்க்காரர்களே அதை 'லகூன்' என்றுதான் சொல்வார்கள். பெரிதாகத் தெரிந்தாலும் ஆழம் கிடையாது, பல இடத்தில் ஆள் நின்றால் இடுப்பளவு வந்தாலே அதிகம். மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாக அடித்துப் போட்டது.

படகுப் பயணம் என்று மட்டும் கேட்டால் பிச்சாவரத்தைவிட முத்துப்பேட்டைதான் என் ஓட்டு. பிச்சாவரத்தில் வாய்க்கால் சந்துகளுக்குள் சுற்றுகிறோம், இங்கே ஆற்றோடு போய்க் கடலின் வாசலில் நிற்கிறோம். கூட்டமும் குறைவு. பக்கத்திலேயே ஜாம்புவானோடை தர்கா, எல்லா மதத்து ஜனமும் வருகிற இடம். ஆனால் லகூனுக்குள் குடியிருப்பு இல்லை. மீன் பிடிப்பவர்கள் வலையை இழுத்துக்கொண்டு கரையூர்களுக்குத் திரும்பிவிடுவார்கள். சிதம்பரத்திலிருந்து கிளம்பினால் போக வர நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும். படகும் நீண்ட நேரம். அத்தை முழங்காலை மடக்கி உட்கார்ந்து அத்தனை நேரம் தாங்க மாட்டார். தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், முத்துப்பேட்டைதான். நாங்கள் வடக்கே இருக்கிறோம்.

இனி, ஜனங்கள் நிஜமாகவே குடியிருக்கிற திட்டுகள். கொள்ளிடம் ஊருக்குக் கிழக்கே ஆற்றுப் படுகையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்று ஊர்கள் உண்டு. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் இறங்கும்போதெல்லாம் இந்தப் பெயர்கள் பேப்பரில் வரும். 2022 ஆகஸ்டில் ஆற்றில் இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்து, ஜனங்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். மற்ற நாளில் போய்ப் பார்த்தால் இதெல்லாம் இங்கேயா நடந்தது என்று இருக்கும். வண்டல் மண், கத்தரியும் வெண்டையும் பூச்செடியுமாகத் தோட்டம், நடுவில் வீடுகள். தையில் பூப்பறிக்கிற நேரத்துக்குப் போனால் வாசனையே ஆளை இழுக்கும்.

சுவாரசியம் என்னவென்றால், இந்த ஊர்கள் முழுத் தீவாக இருக்கிற நேரத்தில் நாம் போகக் கூடாது. நாம் போகக்கூடிய நேரத்தில் அவை தீவாக இருப்பதில்லை. கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். படகு வேண்டியிருக்கிற நாளில் அந்தப் படகு அங்கே இருப்பவர்களுக்கு வேண்டும். வெள்ளம் பார்க்கப் போகிறேன் என்று கரையில் நின்று செல்பி எடுக்கிறவர்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. படகு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பேசினால் போதும் என்பவர்களுக்கு இது நல்ல இடம். அத்தைக்குச் சம்மதம். மாப்பிள்ளைக்கு ஆகாது.

மிச்சம் கொடியம்பாளையம். கொள்ளிடம் கடலில் விழுகிற இடத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் ஆறும் கழியுமாக இருக்கிற மீனவர் ஊர். நிர்வாகத்தில் மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி தாலுகா. சாலையில் போக வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்து, சிதம்பரம் பக்கமாகத்தான் வர வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒரு சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போவதென்றால் இன்னொரு மாவட்டத்தைக் கடந்து போக வேண்டும். ஆற்றைப் படகில் கடந்தால் எதிரே பழையாறு. ஊர்க்காரர்கள் அப்படியும் போய் வருவார்கள்.

எங்களுக்கு அந்த ஊர் பழக்கமானது படகினால் இல்லை, மீனினால். எங்கள் தெருவுக்கு வருகிற மீன்காரம்மாவுக்கு அதுதான் ஊர். பத்து வருஷமாக வருகிறார். அவர் கூடையை இறக்கி வைத்தால் அத்தை திண்ணைக்கு வந்துவிடுவார். பேரம் ஐந்து நிமிஷம், பேச்சு அரை மணி நேரம். "எங்க ஊருக்கு ஒரு வாட்டி வாயேன்" என்று அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப் போய், போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் ஒரு நாள் போனோம். சாலை வழியாக, காரில்.

வாசலில் கட்டிலைப் போட்டு அத்தையை உட்கார வைத்தார். குடத்தின் மேல் கவிழ்த்திருந்த தட்டை எடுத்து, செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மணல் ஊர், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், குடிக்கிற தண்ணீருக்குக் குழாயடியில் வரிசை என்று அத்தைக்குத் தெரியும், திண்ணையிலேயே கேட்டிருக்கிறார். பாதி குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். மீன்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "முழுசா குடி ஆச்சி, இன்னிக்கு நாலு கொடம் புடிச்சிட்டேன்" என்றார். தண்ணீர் பாட்டில் பெட்டியை நான் அதுவரை காரிலேயே விட்டு வைத்திருந்தேன். அப்போதுதான் போய் எடுத்து வந்தேன்.

மடவை மீன். கழியில் பிடித்தது, காலையில் மகன் கொண்டு வந்து போட்டது. கல்லில் உப்பும் சாம்பலும் போட்டு உரசி உரசி, செதில் போய், வெள்ளித் தகடு மாதிரி ஆனதும் அரிவாள்மனையில் வைத்தார். புளியைக் கையாலேயே கரைத்து, மசாலாவை அதிலேயே கலந்து, வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள். கொதித்த பிறகுதான் மீனைப் போட்டார். போட்டதற்கப்புறம் கரண்டி விடவே இல்லை, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார், அவ்வளவுதான். என் மனைவி அன்றிலிருந்து மீன்குழம்பில் கரண்டி விடுவதில்லை.

சாப்பிட்டு முடித்து மத்தியானம் மகன் பிள்ளைகளைக் கழிப் பக்கம் கூட்டிப் போய் வலை வீசக் காட்டினார். கடல் பக்கம் பைபர் படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன, நிழலில் நாலு பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். "படகில் முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போகலாமா?" என்று நான்தான் கேட்டேன். மகன் தண்ணீரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "வேணாம் சார். வாயில மணல் மாறிக் கெடக்கு, அல ஒடையுது. எங்களுக்குப் பழக்கம், ஒங்களுக்கு எதுக்கு?" என்றார். காசுக்காகச் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆளை நம்பலாம் என்பதற்கு எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்றைக்குத் தெளிந்ததை வைத்துத்தான் இந்த வருஷக் கணக்கைப் போட்டேன். மாப்பிள்ளை கேட்டது ஒரே பொட்டலம்: படகு, தீவு, ஜனம், மீன் சாப்பாடு. அதை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். படகு ஏறுவதற்கு, அந்தத் தொழிலையே செய்கிற துறை. ஜனங்களைப் பார்ப்பதற்கு, நம்மைக் கூப்பிட்ட வீடு. மீன்பிடிப் படகு சவாரிக்கான படகு இல்லை, அதில் குழந்தைகளோடு முகத்துவாரத்துக்குப் போவது நமக்கும் நல்லதில்லை, அவர்களுக்கும் பின்னால் வம்பு. பிச்சாவரமும் கொடியம்பாளையமும் கொள்ளிடத்துக்கு ஒரே கரையில், வடக்கே இருப்பது நம் அதிர்ஷ்டம். காலை முதல் படகில் பிச்சாவரம். பத்தரை மணிக்குள் முடித்துக்கொண்டு, பிறகு சாலை வழியாகக் கொடியம்பாளையத்துக்கு. சாயங்காலம் வரை அங்கே. அத்தைக்குப் படகு கூட அவசியமில்லை, துறையில் நிழலில் உட்கார்ந்து டீக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு இடம்தான் முடியும் என்று யாராவது கையைப் பிடித்துக் கேட்டால் நான் ஊரைத்தான் சொல்வேன். காடு அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். கூப்பிட்டவர்கள் எத்தனை வருஷம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்?

அப்படிக் கூப்பிட ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏஜெண்டைத் தேடாதீர்கள், உங்கள் தெருவில் மீன் விற்கிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். டெல்டாவில் எந்த டவுனில் இருந்தாலும், கூடை எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று கேட்டால் ஒரு ஊர்ப்பேர் கிடைக்கும். ஒரே வாரத்தில் விருந்தாளி ஆகிவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் இல்லாமல் போய் இறங்கினால், முதலில் கோயில் பக்கமோ டீக்கடைப் பக்கமோ போய், ஊர்ப் பஞ்சாயத்தார் யார் என்று விசாரித்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை. மீனவர் ஊர்களில் அந்தக் கட்டுப்பாடு இன்னமும் உண்டு. கேமராவை வெளியே எடுப்பது அதற்கப்புறம்.

காசு விஷயம் கொஞ்சம் நுணுக்கம். சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் முகம் மாறிவிடும். கேட்காமல் வந்தால் நம் மனசு உறுத்தும். அத்தையின் வழி: போகும்போது ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்புப் பழம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். வரும்போது கருவாடு, அதுவும் நிறைய, பேரம் பேசாமல். திண்ணையில் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போடுகிற அதே அத்தைதான். வருகிற பிளாஸ்டிக்கையெல்லாம் காரிலேயே திருப்பி எடுத்து வந்துவிட வேண்டும், அங்கே குப்பை வண்டி நம் தெருவுக்கு வருவது போல வராது.

காலம் பார்ப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும், வேண்டாம். தை, மாசி, பங்குனி முதல் பாதி நன்றாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுகள் போகும் என்றாலும் கையில் காசு ஓட்டம் குறைவான நேரம், விருந்தாளியாகப் போய் நிற்க அது நல்ல நேரம் இல்லை. ஆடி, ஆவணியில் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் எந்த ஊருக்கும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். அப்புறம் தண்ணீர் ஏற்ற இறக்கம்: நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வற்றல் அதிகம். காலண்டரில் கிழமை பார்க்கிறவர்கள் திதியையும் பார்த்துக்கொண்டால் செருப்பு மிஞ்சும்.

நேற்று மீன்காரம்மா வந்தபோது தேதியைச் சொன்னேன். விரலில் எண்ணிப் பார்த்து, "அன்னிக்கு வேணாம், பக்கத்து வூட்ல காதுகுத்து, கறி ஆக்கிடுவாங்க, ஒங்களுக்கு மீன் கெடைக்காது. அடுத்த நாளு வாங்க" என்றார். ஒரு நாள் தள்ளி வைத்தாயிற்று. பிச்சாவரத்தில் முதல் படகு, பிறகு சாலை வழியாக ஊர் என்று மாப்பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எல்லாம் சரி மச்சான், ஆனா படகுலயே போய் அந்த ஊர்ல எறங்கினா போட்டோ நல்லா இருக்குமே?" என்றார்.

போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.